தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்

ஸ்மிதர்ஸிலிருந்து டெரஸுக்கு
நூல் பிடித்து அளந்தால்
தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்.
விமானம் இருந்தால் இருபது நிமிடம்
என்கிறது கணக்கு.
விமானம் இல்லை.

இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு ஓடுபாதை,
காற்றுக்கு வீங்கும் துணிப்பை ஒவ்வொன்று,
காசை விழுங்கும் கோப்பி இயந்திரம்.
இரண்டும் தெற்கே வன்கூவரையே பார்த்திருக்கும்.
ஒன்றையொன்று பார்த்ததில்லை.

காரில் என்றால் இரண்டரை மணி நேரம்,
ஸ்கீனா ஆற்றங்கரையோடு.
முந்தாநாள் இரவு மலை சரிந்து
வீதியில் குந்திவிட்டது.
எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை திறப்புகளைக் கொடுக்கவேண்டும்.
அதற்கு முன் அந்த வீட்டில்
எது எனக்கு, எது குகநேசனுக்கு என்று
இருவரும் நேரில் நின்று பிரிக்கவேண்டும்.

பதினான்கு மாதமாக
நான் சொல்வது வன்கூவருக்குப் போகும்.
அங்கே என் லோயர் அவருடைய லோயருக்கு எழுத
டெரஸில் போய் இறங்கும்.
பதிலும் அதே வழி.
இடியப்ப உரல் யாருக்கு என்பதற்கே
மூன்று கடிதம்,
மணிக்கு நானூறு டொலர்.

காலை ஆறு பத்து.
டார்லீன் என் பெட்டியை நிறுத்தாள்.
"டெரஸா? வன்கூவர் சுற்றியா?"
சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்தாள்.
தெற்கே எழுநூறு.
இருபத்தாறாம் வாசலில் ஐந்து மணி நேரம்,
ஆறிப்போன ஒரு சமோசா.
வடக்கே எழுநூறு.
பக்கத்து இருக்கையில் மரம் வெட்டப் போகிற பையன்
என் தோளில் தூங்கிவிட்டான்.
எழுப்ப மனம் வரவில்லை.

டெரஸுக்கு மேலே வந்தாயிற்று.
கீழே முழுக்கப் பனிப்புகார்,
பால்மாப் பேணிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி.
விமானி ஒரு வட்டம் அடித்தார்.
இன்னொன்று.
தொண்டையைச் செருமினார்:
இறங்க வழியில்லை,
பக்கத்து நிலையத்துக்குப் போகிறோம்.

பதினெட்டு நிமிடம்.
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இல்லை என்று சொன்னார்களே,
அந்த விமானத்தில்தான் இருந்தேன்,
எதிர்த் திசையில்.

டார்லீன் இப்போது மஞ்சள் சட்டையோடு வெளியில் நின்று
ஒளிரும் கோல்களை அசைத்துக்கொண்டிருந்தாள்.
படியில் என்னைக் கண்டதும்
இரண்டு கோலும் தாழ்ந்தன.

கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.
குகநேசனின் இலக்கம்.
"எங்கே நிற்கிறாய்?"
"வெளிக்கிட்ட இடத்தில்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"தலைக்கு மேலே சத்தம் கேட்டது,
இரண்டு தரம்.
நீதான் என்று நினைத்து
வெளியில் வந்து அண்ணாந்து நின்றேன்.
என் கையே எனக்குத் தெரியவில்லை."

அவர் விமான நிலையத்துக்கு வருவார் என்று
எந்தக் கடிதத்திலும் இருக்கவில்லை.

காரின் கூரையில் ஒரு சாண் பனி.
ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் சுரண்டி.
"இடியப்ப உரலை நீங்களே வைத்திருங்கோ."
"அச்சு உடைஞ்சு போச்சு" என்றார்.
"போன மாசி மாசமே."

மூன்று கடிதமும் அதற்குப் பிறகு வந்தவை.

முன் கண்ணாடியில் முகமளவு இடம்
தெரியும் வரை சுரண்டினேன்.
வீதி திறந்துவிட்டதா என்று
அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
பனி உரியும் சத்தம்
அவருக்குக் கேட்டிருக்கும்.
வைக்கவில்லை.