புள்ளி வட்டம்

பொம்மனஹள்ளி, மூன்றாம் மாடி.
ஏசி நின்றுபோன மாலை.
கீழே ஓசூர் ரோடு
முற்றுப்புள்ளி கிடைக்காத வாக்கியமாய்
ஹாரனில் நீண்டுகொண்டிருக்கிறது.

நான் எழுதிய பொத்தான் ஒன்று உண்டு.
சொல்லைத் தேர்ந்தெடுத்தால் நீலமாகும்.
பொத்தானைத் தட்டினால்
முன்னால் ஒரு ‹மறை›, பின்னால் ஒரு ‹/மறை›.
இரண்டு கையால் ஒரு முகத்தை மூடுவது போல
என்று டெமோவில் சொன்னேன்.
யாரோ சிரித்தார்கள்.

சிவாஜி நகரிலிருந்து வக்கீல் ஷாஹிதா அழைத்தார்:
"உங்கள் பொத்தான் பாதிதான் மூடுகிறது."

திறந்து பார்த்தேன்.
ஹெப்பாள் பக்கம் நான்காம் தளத்துச் சாரம்;
விருத்தாசலத்திலிருந்து வந்த ஒருவரின் வாக்குமூலம்.
அவர் சொல்லச் சொல்ல யாரோ தட்டச்சு செய்தது,
நிறுத்திய இடங்களில் எல்லாம்
மூன்று புள்ளிகள் வைத்திருந்தார்கள்.
பெயர் வரும் இடமெல்லாம் மறைய வேண்டும்.
முதல் இடத்தில் மறைந்திருந்தது.
இரண்டாவதில்

க‹மறை›ொளஞ்சி ‹/மறை›

கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம்,
நடுவே புள்ளிகளால் ஒரு வட்டம்.
எழுத்து இல்லாத இடத்தில்
உலாவி தானாகவே வரைவது,
ஆள் விழுந்த தரையில்
போலீஸ் சுண்ணாம்பில் போடுவதைப் போல.

மெய் வெளியே நிற்கிறது.
உயிர் உள்ளே.
இலக்கணத்தில் இதற்கு இடமில்லை,
என் நிரலில் இருந்திருக்கிறது.

"ஏன் குரு இது?" என்று
நாற்காலியை உருட்டி வந்தான் நிங்கராஜு.
"எங்கள் கன்னடத்திலும் இந்த வட்டம் வரும்.
நீ எதை வைத்துச் சோதித்தாய்?"
ரமேஷை வைத்து.
என் சோதனைக் கோப்பில் ரமேஷ்
ஒரே ஒருமுறைதான் வருவார்.
அவருக்கு ஒன்றும் ஆனதில்லை.

இரண்டு முறை வருகிறவருக்குத்தான் சிக்கல்:
முதல் குறி நுழைந்ததும்
பின்னால் நிற்பதெல்லாம் நகர வேண்டும்.
எவ்வளவு என்று கணக்கிட்டதில்
ஒன்று கூடிப்போயிருந்தது.
நமக்கு 'கொ' ஓர் எழுத்து.
கணினிக்கு அது இரண்டு பேர்.

பிழை பதினேழாம் வரியில்.
அதற்குமேல் நான் படித்திருக்க வேண்டியதில்லை.
படித்தேன்.
இருபத்து மூன்றாம் வரியில் இடது கால் வந்தது.

ஒன்றைக் கழித்தேன்.
எழுத்தின் எல்லையில் தவிர
எங்கும் வெட்டாதே என்று
இன்னொரு வரியும் சேர்த்தேன்.
ஓட்டிப் பார்த்தால்
பெயர் குறிகளுக்கு நடுவே முழுதாக, ஒட்டி.
திரையில் கறுப்புப் பட்டை.
"இனி யாருக்கும் தெரியாது, தேங்க்ஸ்" என்றார் ஷாஹிதா.
எனக்குத் தெரியும் என்பதை
அவரும் கேட்கவில்லை.

ஒரு வேலை மிச்சம்.
சோதனைக் கோப்பில் ரமேஷை எடுத்துவிட்டு
கொகரத்தில் தொடங்கும் பொய்ப்பெயர் ஒன்று
போட வேண்டும்.
சில்க் போர்டு பாலத்தில் பஸ் நகராமல் நின்ற
முக்கால் மணி நேரமும் யோசித்தேன்.
உண்மைப் பெயரே திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியில் ஒன்று தோன்றியது.
மேலே எழுதியிருப்பது
அதைத்தான்.