ஆர்.சி.

சிப்காட், ராணிப்பேட்டை. இரவு இரண்டு பத்து.
டிபிகேஜி, ஹைபன், எல்.

சின்னக் கருவி இது, எதையும் தேடிப் போகாது.
கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும்,
இன்னது குறைகிறதென்று சொல்லிவிட்டு
நின்றுவிடும்,
எங்கள் ஸ்டோர் கீப்பர் இம்தியாஸ் மாதிரி.

சில வரிகளுக்கு முன்னால் ஆர்.சி.:
நிரலை எடுத்தாயிற்று
அமைப்புக் கோப்பு மட்டும் கிடக்கிறது.

வரும் வழியில் பாலாற்றுப் பாலம்.
தூண் இருந்தது. கைப்பிடி இருந்தது.
மணலைப் பார்த்தபடி
'ஆழமான பகுதி, குளிக்காதீர்' இருந்தது.

பர்ஜ் அடித்தால் தடமே இருக்காது.
பதினேழை அடித்தேன்.
மிச்சமானது நாற்பது கேபி.

பதினெட்டாவது, கழிவுநீர் பம்ப்.
பம்பை விற்று இரண்டு வருஷம்.
கோப்பைத் திறந்தால், எப்சிபா எழுதிய ஒரு குறிப்பு:
'ஆற்றில் தண்ணீர் வந்தால்
இந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கவும்.'

என்டர் மேல் விரல்.
நிச்சயமா என்று
இது கேட்காது.