ஒரே எண், இரண்டு டின்

பதினாறு நாளாக மழை இல்லை.
எங்கள் தீவில் இது பத்திரிகையில் வருகிற செய்தி.

வீட்டை விற்றுத்தரும் பையன் சொன்னான்:
"மேற்குச் சுவரை இருட்டில்தான் காட்ட வேண்டும்."
நார்வேயின் இந்தக் கரையில்
ஜூன் மாதத்துக்கு இருட்டே கிடையாது.

அதனால் ஓத்வார் வந்தான்,
நான்கு வருடம் கழித்து, ஏணியோடு.
ஏணி அவனுக்கு, வீட்டில் பாதி எனக்கு என்று
வக்கீல் எழுதிய தாளில் இருக்கிறது.

சோப்பைக் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும்,
தண்ணீரை மேலிருந்து கீழாக விட வேண்டும்.
மாற்றிச் செய்தால் அழுக்கு கோடுகோடாக இறங்கி
அப்படியே நின்றுவிடும்.
அவன் மாற்றித்தான் செய்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இதையெல்லாம் சொல்லிக் காட்டத்தான்
இருபத்திரண்டு வருடம் இருந்ததே.

பாசி போனது. கடல் உப்பு போனது.
சுரண்டியின் கீழே வெள்ளை
பொருக்குப் பொருக்காக உதிர்ந்து
புல்லில், என் தலைமுடியில், அவன் காபியில் விழுந்தது.
வெள்ளைக்கு அடியில் கடுகு மஞ்சள்.
"இது உன் மஞ்சள்" என்றான்.
"நம் மஞ்சள்" என்றேன், கொஞ்சம் வேகமாக.

பிறகு கத்தி.
நல்ல பலகை முனையைத் திருப்பித் தள்ளும்.
சமையலறை ஜன்னலுக்குக் கீழே மூன்று பலகைகள்
ஒரு மறுப்பும் சொல்லாமல்
பிடிவரை உள்ளே வாங்கிக்கொண்டன.

புதுப் பலகை அறுத்து வந்ததும்
வெட்டுமுனைக்குத்தான் முதலில் பூசினான், இரண்டு முறை.
மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அது.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்
அந்த ஜன்னல் பக்கம் என்னுடையது.
கை வலித்தது, குளிர், யார் பார்க்கப்போகிறார்கள் என்று
முனைகளை விட்டுவிட்டேன்.

சொன்னேன்.

"தெரியும்" என்றான், தூரிகையை வழித்துக்கொண்டே.
"எப்போதிலிருந்து?"
"அப்போதிலிருந்து."

அவன் தெற்கு மூலையில் தொடங்கினான்,
நான் வடக்கு மூலையில்.
டின்களின் மேல் ஒரே எண்தான்.
இருந்தாலும் இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக்
கலக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்;
இருவருக்கும் தெரியும்.
வாளியை ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊற்ற வேண்டும்.

கதவுக்கு ஒரு முழம் தள்ளிச் சந்தித்தோம்.
அவன் வெள்ளையில் துளி நீலம்.
இரவு பத்து மணி வெயில் சாய்வாக விழும்போது மட்டும்
கோடு தெரிகிறது.
அந்த நேரத்தில் யாரும் வீடு வாங்க வருவதில்லை.

காய ஆறு மணி நேரம் என்று டின்னில் போட்டிருந்தது.
ஐந்தாவது மணியில் மழை.

அவன் காரில் ஏறி உட்கார்ந்தோம்,
வண்டியைச் சுவர் பக்கம் திருப்பி
வைப்பரை ஓடவிட்டு.
கண்ணாடி தெளிந்தது, மங்கியது, தெளிந்தது.

"வழிகிறதா?"
"இன்னும் இல்லை."