சுமந்த கல்

பிரிட்டோரியாவின் தெற்குக் குன்றில்
பேருந்து இளைத்தபடி ஏறுகிறது.
இலத்தீன், இரண்டாம் ஆண்டு. பதினொரு பேர்.
இருவர் தூக்கத்தில்.

மூன்று வாரமாக வகுப்பில்
ரோமானியக் காவியம் நடக்கிறது.
எரிந்த ஊரிலிருந்து தப்பியவர்கள்
இன்னொருவர் கரையில் இறங்கி
தெய்வம் எங்களுக்குச் சொன்ன நிலம் இது
என்கிற பகுதி.
போன வியாழன் அதை வாசித்தபோது
யாரும் குறிப்பெடுக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார்கள்.
ஜன்னலில் இந்தக் குன்று தெரிந்தது.

உள்ளே குளிர்.
சுவரைச் சுற்றி இருபத்தேழு பலகைப் பளிங்கு,
இத்தாலியில் செதுக்கிக்
கப்பலில் வந்தது.
மாட்டுவண்டி, தொப்பி, வேதப்புத்தகம்,
சரிந்து விழும் ஜூலு வீரர்கள்.

"ரோமில் ஒரு தூண் உண்டு" என்கிறேன்.
"டானுபுக்கு வடக்கே ஒரு நாட்டை வென்ற கதை
நாடாபோல் சுற்றிக்கொண்டே மேலே போகும்.
பாதிக்கு மேல் தரையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாது."
"அப்புறம் யார் படிக்க?" என்றான் ஹென்னி.
"வானம்" என்றேன்.
சிலர் அதை எழுதிக்கொண்டார்கள்.
எழுதியிருக்க வேண்டாம்.

ஹென்னி ஒரு பலகையருகே நின்று
மெதுவாகச் சொன்னான்:
"இந்தத் தாடிக்கு முகம் கொடுத்தவர்
என் தாத்தாவின் பெரியப்பா.
வீட்டில் அப்படிச் சொல்வார்கள்."
லெராட்டோ விரலை நீட்டினாள், தொடவில்லை.
"கீழே விழுகிற இவர்
யாருடைய தாத்தா?"
காவலர் இருமினார்.

நான் மொழிக்குள் நழுவினேன். அது என் தொழில்.
இலத்தீனில் பகைவன் என்ற சொல்
முதலில் வெறும் அயலானைத்தான் குறித்தது;
எல்லை வளர வளரப் பொருள் கறுத்தது.
"என் மொழியில் பாருங்கள்,
புதுமை என்ற சொல்தான் விருந்தானது" என்றபோது
என் குரலுக்குப் பின்னால் யாரோ
வெண்சாமரம் வீசினார்கள்.

லெராட்டோ திரும்பினாள்.
"அப்படியானால் உங்களிடம்
இப்படிச் சுவரே இல்லையா, டாக்டர் படையாச்சி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பெயரின் முதல் பாதியே இடறியது.

லாடியம். தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா.
எனக்குப் பத்து வயது, அட்டைக் கிரீடம்,
மீசை மை வியர்வையில் உதட்டுக்கு இறங்குகிறது.
இமயத்தில் கல்லெடுத்து
வடநாட்டு மன்னர் தலையில் ஏற்றித்
தெற்கே நடத்தி வந்த அரசன் நான்.
மாராபாஸ்டாடிலிருந்து பெயர்த்து
இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்ட சனம்,
அனுமதிச் சீட்டில்லாமல்
மாகாண எல்லை தாண்ட முடியாத சனம்,
எழுந்து நின்று கைதட்டியது.
அப்பா விசிலடித்ததை
அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.
எனக்கு எவர்சில்வர் தம்ளர் பரிசு.
இன்றும் மேசையில் இருக்கிறது, பேனாக்களோடு.

கல் சுமந்தவர்கள் வேலாயுதனும் அவன் தம்பியும்.
இருவருக்கும் வசனம் கிடையாது.
கல் என்பது
சாம்பல் நிறம் அடித்த பிஸ்கட் பெட்டி,
உள்ளே காற்று.
ஆனாலும் கழுத்து ஒடியக் குனிந்தே நடந்தார்கள்.
ஒத்திகையில் தம்பிக்காரன் நிமிர்ந்துவிடுவான்.
நான்தான் பிடரியில் கைவைத்துச்
சொல்லிக்கொடுத்தேன், எவ்வளவு குனிய வேண்டும் என்று.

"உண்டு" என்றேன் லெராட்டோவிடம்.
"அதில் நான் நடித்தும் இருக்கிறேன்."
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரத்துக்குக் கேள்வி:
நகரம் எழும்பவில்லை, முடிசூட்டு இல்லை,
கெஞ்சியவனைக் கொன்ற கணத்திலேயே
காவியத்தை ஏன் நிறுத்தினான் கவிஞன்?
இரண்டு பக்கம் போதும்.
விடை எனக்குத் தெரியும் என்றுதான்
இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

வெளியே வெயில் கண்ணை அடித்தது.
தலை எண்ணினேன், பதினொன்றும் சரி.
பேருந்தின் கதவு தாழ்வு.