ஒரு கதவுக்கு ஒரு ஓட்டு

ஹாலண்டேல் கடற்கரையில் பதினான்கு மாடி,
நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
கதவுக்கு ஒரு ஓட்டு,
உள்ளே எத்தனை பேர் சண்டை போட்டாலும்.

என் அலுவலகம் தபால் பெட்டிகளுக்குப் பின்னால்.
ஜன்னல் இல்லை.
நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை மட்டும்
கதவைத் தட்டாமல் வரும்.
நான் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.
யார் தேர்ந்தெடுக்கலாம் என்பது
என் பச்சைக் கோப்பில் இருக்கிறது.

தனியாளாக வாங்கியவருக்குத் தாள் வேண்டாம்.
பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால்
இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு
எங்களுக்காக இன்னார் என்று
ஒருவரைச் சொல்ல வேண்டும்.
3-ஏ ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி
தினமும் காலையில் செருப்பில்லாமல்
நாயைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறது.

9-டி தாளில் இருப்பவர்
செத்து நான்கு வருடம்.
மகன்களுக்கு எழுதினேன்.
‘அப்பா இருந்தாலும் அதே ஆளுக்குத்தான் போட்டிருப்பார்’
என்று பதில் வந்தது.
அதை எந்த உறையில் வைப்பது?

போன செப்டம்பர் புயலில்
கீழ் இழுப்பறைக்குள் தண்ணீர்.
ஐந்தாம் மாடி முதல் ஏழாம் மாடி வரை
மை கரைந்து ஒரே நீலம்.
எல்லோருக்கும் மறுபடி தாள் அனுப்பினேன்,
பெயருக்கு ஒன்றாக.

6-சி, டெரோசியே.
ஃபிரிட்ஸ்னர் இங்கே. கிஸ்லேன்
மூன்று வருடமாக ஆர்லாண்டோவில்.
செவ்வாய்க்கிழமை அவர் கையோடு கொண்டுவந்தார்:
வாக்காளர், கிஸ்லேன். கீழே
அவர் கையெழுத்து மட்டும்.
வெள்ளிக்கிழமை தபாலில் அவளுடையது:
வாக்காளர், ஃபிரிட்ஸ்னர். கீழே
அவள் கையெழுத்து மட்டும்.

போன் செய்தேன்.
‘கணக்கு வழக்கைப் படிப்பவள் அவள்தானே’ என்றார்.
‘லிஃப்ட் நின்றால் படியேறுவது அவர்தானே’ என்றாள்.
இதை இருவரில் ஒருவருக்குச் சொல்லலாமா என்று
வக்கீலைக் கேட்கலாம்;
அவர் கால் மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்.
கோப்பு உரிமையாளர் யாரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது.
யாரும் வந்து பார்க்கவில்லை.
இரண்டு தாளையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்தேன்.
அது விதியில் இல்லை, விதிக்கு விரோதமும் இல்லை.

தேர்தல் இரவு.
மடக்கு நாற்காலிகள், ஆறிப்போன கியூபன் காபி,
ஒவ்வொரு உறையாகப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறேன்.
6-சி உறை.
வெளியே, மூடிய மடிப்பின் மேல்,
இரண்டு கையெழுத்து.
ஒன்று கறுப்பு மை. ஒன்று பச்சை.
அவளுடைய ‘ஜி’யின் வால்
அவர் பெயருக்குள் நுழைந்து போயிருந்தது.
ஒருவர் நான்கு மணி நேரம் கார் ஓட்டியிருக்க வேண்டும்.
யார் என்று உறை சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்தே போட்டுவிட்டார்கள்,
தவறான காகிதத்தில்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.
‘கணக்கில் இல்லை’ என்று எழுதினேன்.
என் கை நடுங்கியது என்று சொன்னால் பொய்.
இருபத்திரண்டு வருடமாக எழுதுகிற வார்த்தை.
முடிவும் அதனால் மாறவில்லை;
பதினேழு ஓட்டு வித்தியாசம்.
பிரிக்காத உறையை ஒரு வருடம்
அப்படியே வைத்திருக்க வேண்டும்.
அட்டைப்பெட்டியில் வைத்தேன்,
இழுப்பறையில் அல்ல, மேல் தட்டில்.

மறுநாள் 6-சிக்குப் புதுத் தாள் அனுப்பினேன்.
வழக்கமாக இரண்டு அனுப்புவேன்.
இந்த முறை ஒன்றுதான்.