கட்டம் எண் ஆறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றின்
முக்கிய நிகழ்வுகளைக் கேட்டிருக்கிறது மணிலா.
ஜூனில் பினதூபோ வெடித்தது.
செப்டம்பரில் அமெரிக்கத் தளம் வேண்டாமென்று
வாக்களித்தார்கள்.
இரண்டே வரி. முடிந்தது.

பிறப்புப் பதிவேட்டில்தான்
ஒரு கட்டம் இன்னும் காலி.

எரிமலையோடு புயலும் சேர்ந்த நாள்.
மழை சேறாய்ப் பெய்தது.
பள்ளிக்கூட மேசையில்
மூன்று டார்ச்சுகளுக்கு நடுவே
பசிலிசாவுக்குப் பெண் பிறந்தது.
குழாயில் சாம்பல்தான் வந்தது;
மருத்துவச்சி இளநீரில் கை கழுவினாள்.

நேரம் என்ன என்றேன்.
என் கடிகாரத்தில் மூன்று, பிற்பகல்.
நடுராத்திரி என்றாள் பசிலிசா.
சன்னலைப் பார்த்தேன்.
எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

மூன்று என்று மட்டும் எழுதினேன்.
பகலா இரவா, கட்டம் எண் ஆறு,
அப்படியே கிடந்தது.

டிசம்பர் இருபத்தேழு.
கூடார முகாமிலிருந்து வந்திருக்கிறாள்
சான்றிதழுக்கு.
இடுப்பில் இரண்டு பல்லோடு
லுனிங்னிங்.
மினுக்கம் என்று பொருள்; பெயரைச் சொல்லும்போது
சிரித்துக்கொண்டாள்.

காலிக் கட்டத்தோடு முத்திரை குத்தக் கூடாதாம்,
விதி அப்படி.
பதிவேட்டைப் புரட்டினேன்.
மடிப்பிலிருந்து சாம்பல் உதிர்ந்தது.

குழந்தை தும்மியது.
பேனாவைப் பிடுங்கி
ஆறாம் கட்டத்தில்
ஒரு கோணல் கோடு இழுத்தது.

முத்திரையை அதன்மேல் குத்தினேன்.