ஏழு நிமிஷம் வேகம்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் எழுபது ரூபாய்.
முன்னட்டையில் பன்னிரண்டு கட்டம்,
பின்னட்டையில் பல்பொடி விளம்பரம்.
தக்கலை வண்டி பார்வதிபுரம் தாண்டுவதற்குள்
முதல் பாடம் முடிந்துவிட்டது:
மேஷம் தொடங்கி மீனம் வரை
வலம் சுற்றி எண்ணத் தெரிந்தால் போதும்.

கேஸ் ஷீட்டுகளுக்கு அடியில் வைத்துப் படிக்கிறேன்.
அன்பியக் கூட்டத்தில் தெரிந்தால்
அந்த வார ஜெபமாலை எனக்காகத்தான்.
இருபத்தேழு நட்சத்திரத்தையும்
அதே மணிகளில்தான் எண்ணிப் பழகினேன்.
இரண்டு பத்து, மேலே ஏழு.
ரேவதியில் விரல் நிற்கும்போது
அந்தப் பத்தில் மூன்று மணி மீதி.
மாதாவுக்கு என்று விட்டுவிடுவேன்.

ஆசைப்பட்டுத் தொடங்கியதில்லை.
வேர்க்கிளம்பி ஆட்டோக்காரர், பெயர் நீலகண்டதாஸ்,
பிரசவ வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
‘பிள்ள பெறந்தது நாலு இருவதுண்ணு எழுதியிருக்கு, சிஸ்டர்.
நாலு பதிமூணா இருக்குமோ?
எடையில லக்கினம் மாறுதாம்.
முன்னால பெறந்திருந்தா ராணியாக்கும்,
பின்னாலண்ணா அப்பனுக்கு ஆகாதாம்.’
எழுதியது என் கை.
பார்த்தது சுவர்க்கடிகாரத்தை.
பதிவேட்டில் உள்ளதுதான் நேரம் என்றேன்,
மருந்துச்சீட்டு நீட்டுகிற குரலில்.

அப்புறம்தான் இந்த எழுபது ரூபாய்.

சனிக்கு மகரமும் கும்பமும், ஒட்டினாற்போல் இரண்டு வீடு.
சூரியனுக்கு ஒன்றுதான், சிம்மம்.
மேஷத்தில் உச்சம், துலாத்தில் நீசம்.
ராகுவும் கேதுவும் எப்போதும் எதிரெதிரே,
ஒருவர் இருக்கும் கட்டத்தில் மற்றவர் இருப்பதில்லை.
இது உடனே மனப்பாடம் ஆனது.
எனக்கு நைட் டூட்டி,
அவருக்கு ராணித்தோட்டம் டெப்போவில் காலை முதல் வண்டி.

பயிற்சிக்கு என் ஜாதகத்தையே போட உட்கார்ந்தேன்.
குறும்பனைக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டால்,
‘சாளை அள்ள முடியாம பட்ட அண்ணைக்காக்கும்.
கோயில் மணி அடிச்சுது.’
காலை மணியா, சாயங்கால மணியா?
‘வலியில மணிய எண்ணுவாளா பிள்ளே?’
கிரகங்கள் எல்லாம் கிடைத்தன.
அவை நிற்க வீட்டு எண் கிடைக்கவில்லை.

நான்காம் பாடத்தில் இன்னொரு சங்கடம்.
நாம் கட்டியிருக்கும் கடிகாரம்
கிழக்கே எங்கோ ஓடும் ஒரு கோட்டின் நேரமாம்.
நம்மூர் உச்சிவெயில்
ஏறக்குறைய இருபது நிமிஷம் பிந்தி வரும்.
கொல்லம் ஆண்டில் எழுதின பழைய ஜாதகமென்றால்
அந்தக் கணக்கு வேறு.

அன்று ராத்திரி என் போனையும் சுவரையும்
முதல் தடவையாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.
சுவர் ஏழு நிமிஷம் வேகம்.
‘நாந்தான் கூட்டி வச்சேன்,’ என்றாள் அட்டெண்டர் தங்கபுஷ்பம்,
‘இல்லேண்ணா ஆறரை பஸ்ஸு போயிரும்.’
எப்பொழுதிருந்து?
‘ஓணத்துக்கு முன்னால.’
ஓணத்துக்கு முன்னாலிருந்து எத்தனை பிள்ளைகள்
என் கையெழுத்தில் ஏழு நிமிஷம் தள்ளிப் பிறந்திருக்கும்?

நீலகண்டதாஸுக்குப் போன் போட்டேன்.
மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே சிரித்தார்.
‘பதிமூணுண்ணு சொல்லித்தான் எழுதி வாங்கினேன், சிஸ்டர்.
ஜோசியருக்கு ஆஸ்பத்திரியில வந்து பாக்க முடியுமா?’
பின்னால் ராணி அழுதுகொண்டிருந்தாள்.

முக்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பினேன்.
தங்கபுஷ்பம் இரண்டு நாள் பேசவில்லை.

ஜனன நேரம் என்பது எது?
தலை தெரிவதா, உடல் மண்ணைத் தொடுவதா,
கொடி அறுப்பதா, முதல் அழுகையா?
புத்தகம் நான்கையும் சொல்லி
அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

நேற்று விடியக்காலம் ஒரு பையன்.
தலை ஐந்து இரண்டுக்கு.
உடல் ஐந்து மூன்றுக்கு, நீலமாக, சத்தமில்லாமல்.
உறிஞ்சி எடுத்தோம், முதுகைத் தேய்த்தோம்,
உள்ளங்காலைச் சுண்டினேன்.
யாரும் சுவரைப் பார்க்கவில்லை.
ஒரு பூனைக்குட்டிக் குரல்,
பிறகு வார்டே திரும்பும்படி ஒன்று.
ஐந்து எட்டு.

‘நேரம் என்ன எழுதட்டு, சிஸ்டர்?’
பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்தான்.
பேனாவை வாங்கி
இரண்டு தடவை உதறினேன்.